பத்தொன்பது தாய்கள்

அன்று காலை எஞ்சின் நான்காவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. திதீரோ கைப்பிடியை உருவிக்கொண்டு ஓரடி பின்வாங்கி நின்றான். புகைக்குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தன் பழைய தாளத்துக்கு வந்தது. தொட்டிக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துருநிறத்தில் கொஞ்சம் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். வேலிக்கு அப்பால் நின்றிருந்த முந்நூறு மாடுகளும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு நகர்ந்தன. திதீரோ தண்ணீரையும் பார்க்கவில்லை, மாடுகளையும் பார்க்கவில்லை. தன் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது வெறும் மணிக்கட்டாக இருந்தது. எலும்பு தெரிந்தது, நரம்பு தெரிந்தது, சின்ன வயதில் சூடுபட்ட தழும்பு தெரிந்தது. ஜூலை மாதக் குளிரில் இவை ஒன்றுமே தெரியவில்லை. அந்த இடத்தில் கன்றுக்குட்டியின் முழங்கால்போல உருண்டு, பளபளத்து, தொட்டால் சுடுகிற ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நமேட்சோ," என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டான். அவன் மனைவி களிப்பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன என்றாள்.

"கை வலிக்கல."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க, கெலபீலே அப்பா."

"நேத்து அஞ்சாவது சுத்துலதான் பிடிச்சுது. இன்னிக்கு நாலு."

"சரிதான். நாளைக்கு நீங்க போயி முறைச்சுப் பார்த்தாலே ஓடிடும்."

கெலபீலே அவர்களுடைய ஐந்தாவது, கடைசி மகள். 'களைத்துப் போனேன்' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். நமேட்சோ பிரசவப் பாயிலேயே வைத்த பெயர். மகள் இப்போது கான்ஸி நகரத்தில் தையல் வேலை பார்க்கிறாள். பெற்றவர்கள் இங்கே, கலஹாரி மணலின் நடுவில், பதினொரு பேருக்குச் சொந்தமான ஒரு ஆழ்துளைக் கிணற்றைக் காவல் காக்கிறார்கள். தகரக்கூரை வீடு, எஞ்சின் கொட்டகை, தொட்டி, முள்வேலி. வெள்ளிநிற இலை போடும் மொகோனோனோ மரங்கள் சுற்றிலும் நின்றன. எஞ்சின் ஓடாவிட்டால் மூன்றாம் நாள் மாடு சாகும். இருபத்திரண்டு வருடமாக அந்த எஞ்சினைக் கையால் சுற்றி எழுப்புகிறவன் திதீரோதான்.

ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். இந்த வருடக் குளிரில் அவனால் அது முடியாமல் போனது. முதலில் மணிக்கட்டு வீங்கியது, பிறகு இரண்டு முழங்காலும். எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்க மண்டியிட்டால் எழ முடியாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மருத்துவமனை மாத்திரை இருக்கிற வரை வலி தூங்கியது, மாத்திரை தீர்ந்ததும் எழுந்து உட்கார்ந்தது. கிணற்று உரிமையாளர்களில் மூத்தவர் ஒரு நாள் வண்டியில் வந்து, திதீரோ இடது கையாலும் தோளாலும் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவதை வண்டிக் கதவைச் சாத்தாமலே பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்காலம் வரட்டும் திதீரோ, அப்புறம் பார்ப்போம்," என்றார். மாட்டைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று திதீரோவுக்குத் தெரியும். வேலை போனால் வீடும் போகும்.

அந்த வாரத்தில்தான் கோசே தண்ணீருக்கு வந்தாள்.

கோசே நாரோ இனத்துப் பெண். மேற்கே ஒரு மணி நேர நடையில், தங்கையோடும் தங்கையின் பிள்ளைகளோடும் இருந்தாள். கழுதைவண்டியில் டிரம்மை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை வருவாள். மாடு வளர்க்கிறவர்களுடைய கிணற்றில் மாடு வளர்க்காதவர்களுக்குக் கடைசி வரிசை. அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "ஏய் கோசே, பின்னாடி நில்லு," என்று திதீரோ சொல்வான், அவளும் நிற்பாள். அவளுடைய கழுதைகூட அந்த வாக்கியத்தைப் பழகிவிட்டது. அவன் வாயைத் திறந்ததுமே இரண்டடி பின்னால் போய்விடும்.

அன்று அவள் வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் அவனைக் கவனித்தாள். திதீரோ என்றால் 'வேலைகள்' என்று அர்த்தம்.

"வேலைகளே," என்றாள். "எஞ்சின சுத்துறீங்களா, இல்ல எஞ்சின் உங்களச் சுத்துதா?"

திதீரோ வலியில் கண் கலங்கியிருந்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டான். அன்று எஞ்சின் பிடிக்கவில்லை, அவள் காலி டிரம்மோடு போய்விட்டாள். மறுநாள் வரவேண்டிய நாள் இல்லை, ஆனாலும் வந்தாள். ஒரு கந்தல் முடிச்சை நமேட்சோவின் கையில் கொடுத்தாள். அதற்குள் காய்ந்த கிழங்கு வில்லைகள், மரத்தூள் நிறத்தில், வெட்டிய பக்கத்தில் வட்டம் வட்டமாய்க் கோடுகளோடு.

"செங்கபரீலே," என்றாள். "மாட்டுக் குளம்புல கொக்கிக் காய் மாட்டிக்கிட்டு வருமே, அந்தக் கொடியோட கிழங்கு. ரெண்டு வில்லைய ஒரு பானைத் தண்ணியில கொதிக்க விட்டு ஆற வச்சு, பொழுதுக்கும் மூணு தடவை குடிக்கச் சொல்லு. அவருக்கு வயித்துல புண்ணு கிண்ணு இருக்கா?"

"வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"வீட்டுல யாராவது முழுகாம இருக்கீங்களா? இருந்தா இதத் தொடவே கூடாது."

நமேட்சோ வாய்விட்டுச் சிரித்தாள். "என் கடைசிப் பொண்ணு பேரு என்னன்னு தெரியும்ல?"

"கசக்கும்," என்று கோசே திதீரோ பக்கம் திரும்பிச் சொன்னாள். "சர்க்கரை போட்டுக் குடிச்சாலும் மருந்து போயிடாது. ஆம்பளைன்னு மட்டும் சொல்லிக்க முடியாது."

அவன் முடிச்சை வாங்கிப் பார்த்தான். "எனக்கு ஏன் குடுக்குற?"

"உங்க கை வலிச்சா என் டிரம் காயுது."

"எங்க இருந்து எடுத்த?"

"தாயோட பக்கத்துல இருந்து. இதெல்லாம் புள்ளைங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவன் சர்க்கரை போடாமல் குடித்தான். முதல் வாரம் வாய் மட்டும்தான் மாறியது. களி கசந்தது, புளித்த பால் கசந்தது, நமேட்சோ பேசினாலே கசந்தது. இரண்டாம் வாரம் விரல்கள் மடங்கின. நான்காம் வாரம் முழங்கால் வீக்கம் வடிந்து, தோல் சுருங்கி, வெயிலில் விட்ட தோல்பை மாதிரி தொங்கியது. பனி விலகி, காற்று சூடாகி, அக்டோபர் வந்தபோது எஞ்சின் நாலாவது சுற்றில் பிடித்தது.

அன்றிலிருந்து கோசேயின் டிரம்தான் முதலில் நிறைந்தது. மாடுகள் தொட்டியோரம் முட்டி மோதிக்கொண்டு நிற்கும், திதீரோ குழாயை அவள் வண்டிப் பக்கம் இழுத்துப் போவான். "கோசே அம்மா, நீங்க வாங்க," என்பான். கழுதை மட்டும் பழைய வழக்கத்தில் பின்னால் போய், இழுத்து வர வேண்டியிருந்தது.

"மாடெல்லாம் வரிசையில நிக்குது, நான் முன்னாடி நிக்கறேன்," என்றாள் கோசே. "உலகம் எப்ப மாறுச்சு, யாரும் எனக்குச் சொல்லலையே."

ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. நன்றி என்கிற சொல்லை அவளிடம் சொல்லவில்லை. அவன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நான் மகிழ்ந்துவிட்டேன்' என்று பொருள். பத்துத் தடவை நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. கையையும் காலையும் வீட்டையும் திருப்பிக் கொடுத்தவளிடம் வெறுங்கையோடு நின்று, நான் மகிழ்ந்துவிட்டேன் என்றால் போதுமா? கூடவே ஏதாவது இருக்க வேண்டும். பெரிதாக இருக்க வேண்டும்.

"டீத்தூளும் சர்க்கரையும் குடுங்க," என்றாள் நமேட்சோ.

"காலத் திருப்பிக் குடுத்தவளுக்கு டீத்தூளா?"

"அப்ப ஒரு ஆடு."

"ஆட்ட அவங்க ஒரே நாள்ல அடிச்சுத் தின்னுடுவாங்க."

"குடுத்தப்புறம் அது அவங்க ஆடு. தின்னா உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவன் மனசு ஒப்பவில்லை. நன்றியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாடுகளிடமிருந்து வந்தது. அவன் அப்பா ஒன்றுமில்லாத மனிதர். அவருக்கு ஒரு மாமன் தன் பசுவை மாஃபிசாவாக விட்டுவைத்தார். பசு மாமனுடையது, பால் உங்களுடையது, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மாஃபிசா. ஆறு பிள்ளைகள் அந்தப் பாலில் வளர்ந்தார்கள். மாமன் சாகக் கிடந்தபோது, அந்தப் பசு போட்ட கன்றுகளில் அப்பாவுக்கு வந்து சேர்ந்த ஒன்று வளர்ந்து, தானும் தாயாகியிருந்தது. அப்பா அதையே ஓட்டிக்கொண்டு போய் மாமன் வாசலில் கட்டினார். கன்றைக் கொடுக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு அப்பா சொன்னதைத் திதீரோ மறக்கவில்லை: கன்னுக்குட்டியக் குடுத்துட்டு நன்றின்னு சொன்னா ஊர் சிரிக்கும், குடுத்தா தாயக் குடு.

இதை யோசித்துக்கொண்டே ஒரு மதியம் மாட்டின் குளம்பிலிருந்து கொக்கிக் காயைப் பிடுங்கினான். எட்டுக்கால் பூச்சி ஒன்று ஒவ்வொரு காலிலும் தூண்டில் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது காய். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. கோசே கொடுத்தது பிள்ளைகளை. ஏழை, அவளால் முடிந்தது அதுதான். அவன் தாயைக் கொடுப்பான்.

எந்தப் பக்கம் மேய்ந்த மாடு கொக்கியோடு நொண்டி வருகிறது என்று அவனுக்கு அத்துப்படி. கிழக்கே, மொகோனோனோ தோப்பைத் தாண்டி ஒரு மணல்வெளி. மறுநாள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி முடித்ததும் மண்வெட்டியோடு போனான். கொடிகள் எப்போதோ காய்ந்து சருகாகியிருந்தன. ஒரு சருகுக் கொடியைப் பிடித்து அதன் வழியே போனால் எல்லாக் கொடியும் வந்து கூடுகிற ஓர் இடம் இருந்தது. அதற்கு நேர் கீழே தாய். கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டான். பிள்ளைகள்தான் இரண்டு முழம் தள்ளி, ஆழத்தில் ஒளிந்திருந்தன. அவற்றை அவன் சீண்டவில்லை.

இரண்டு நாள் தோண்டினான். ஒரு தடவைகூடக் கை வலிக்கவில்லை. மணலில் மண்டியிட்டு, எழுந்து, மறுபடி மண்டியிட்டு, தனக்குள் பாடிக்கொண்டே தோண்டினான். ஒவ்வொரு தாயும் அவன் முன்கைப் பருமன் இருந்தது, சில அதைவிடத் தடிமன். மொத்தம் பத்தொன்பது. ஒன்றில் மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. அதையும் சேர்த்துக் கழுவி, புதுச் சாக்கில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு, கழுதைமேல் சாக்கை ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டான்.

"என்ன கொண்டு போறீங்க?" என்றாள் நமேட்சோ.

"தாய்ங்க," என்றான் பெருமையாக.

கோசே வேலமர நிழலில் வலையைக் கட்டி அதன்மேல் வில்லைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். துமேலா என்று வணக்கம் சொல்லி, அவள் வீட்டாரின் நலம் விசாரித்து, அவள் அவன் வீட்டாரின் நலம் விசாரிக்கும்வரை காத்திருந்து, பிறகு சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக அவள் முன்னால் அடுக்கினான். கடைசிக் கிழங்கை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"இதுங்க புள்ளைங்க எங்க?" என்றாள்.

"விட்டுட்டேன் கோசே அம்மா. சின்னதெல்லாம் எதுக்கு? நீங்க எனக்குப் புள்ளைங்களக் குடுத்தீங்க. நான் உங்களுக்குத் தாய்ங்களக் கொண்டு வந்திருக்கேன்."

"குழி?"

"என்ன குழி?"

"தோண்டின குழி. மூடினீங்களா?"

அவன் மூடவில்லை. மூட வேண்டும் என்றே தோன்றவில்லை. அவள் மெல்ல மணலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாக்கு எவ்வளவு கூர்மை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் ஒரு கிழங்கை எடுத்து மடியில் வைத்து, பக்கவாட்டில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தாயத் தூக்கிட்டு வந்துட்டீங்க," என்றாள். "புள்ளைங்கள மண்ணுக்குள்ள அநாதையா விட்டுட்டீங்க. புள்ளை தானா முளைக்காது தண்ணிக்காரரே. தாய்தான் முளைக்கும். தாய் இருந்தாத்தான் திரும்பப் புள்ளை வைக்கும். நாங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவ பக்கத்துல தோண்டி, அதுலயும் ஒண்ணு ரெண்ட விட்டுட்டு, மண்ணப் போட்டு மூடிட்டு வருவோம். அந்த வெளி இந்த வருஷம் சும்மா கிடக்கணும்னு விட்டிருந்தோம்."

அவன் கையில் இன்னும் அந்தக் கிழங்கு இருந்தது.

"இங்க பாருங்க," என்று மடியில் இருந்ததைத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் நாலைந்து வட்டத் தழும்புகள், ஆறிப்போன காயம்போல. "இது என் கை. இதோ, இது என் தங்கச்சி வெட்டுனது, அவ எப்பவும் ஒட்ட வெட்டுவா. இது ரெண்டு மரத்துக்கு நடுவுல இருந்தது. அந்தத் தடிச்சது மேட்டோரத்துக்காரி. அந்தக் கோணல் கழுத்து, அது என் வீட்டுக்காரர் இருந்தப்ப அவர் முதல்ல காட்டுனது."

பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். திதீரோ கேட்டுக்கொண்டே நின்றான். முந்நூறு மாடுகளில் ஒன்று தண்ணீருக்கு வரவில்லை என்றால் எது வரவில்லை என்று அவனுக்கு முகத்தை வைத்தே தெரியும். அவள் பேசுவது அவனுக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு. அதுதான் அவனை அதிகம் சுட்டது.

"மாஃபிசா," என்றான் வாய்க்குள்.

"என்ன?"

"தாய் உங்களது இல்ல. உங்ககிட்ட விட்டு வச்சிருக்கு. பால் மட்டும்தான் உங்களது. நான்... இன்னொருத்தர் பசுவக் கொன்னு, உங்க வாசல்ல கொண்டாந்து போட்டுட்டு நிக்கறேன்."

கோசே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் சாகல," என்றாள். எழுந்து உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "கோட்டக் கழட்டுங்க. சாக்க நனைங்க. குழியெல்லாம் எங்கன்னாவது ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் மறந்துட்டீங்களா?"

சாக்கைத் திரும்பக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கிழக்கே மணல்வெளிக்குப் போய், அன்று மாலைவரை நட்டார்கள். அவள் எந்தத் தாய் எந்தக் குழிக்கு என்று சொன்னாள், அவன் இறக்கினான். கழுத்து எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், மண்ணை எவ்வளவு அழுத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் அவளிடம் வசவு வாங்கினான். பிளந்த கிழங்கை ஓரமாக வைத்தாள். "இது போச்சு." அதை நறுக்கிக் காயவைக்கலாமா என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அதையும் அதன் குழியிலேயே போட்டு மூடினார்கள்.

"நாளையிலேருந்து நான் தண்ணி கொண்டாந்து ஊத்தறேன்," என்றான். "தினமும். தொட்டி நிறைய இருக்கு."

"உங்க தண்ணி உப்பு. மாடு குடிக்கும், நாம குடிப்போம், இது குடிக்காது. இதுக்கு மேல இருந்துதான் வரணும்."

இருபத்திரண்டு வருடத்தில் தண்ணீர் வேண்டுமென்று அவன் யாரையும் எதிர்பார்த்து நின்றதில்லை. எல்லோரும் அவனை எதிர்பார்த்துத்தான் நின்றார்கள். இப்போது தினமும் மாடுகளுக்குக் காட்டிவிட்டு, கைநிறைய ஈரத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடக்கில் மேகம் கூடும், சாயங்காலம் கலையும். நவம்பர் அப்படியே போனது.

கோசே தண்ணீருக்கு வந்தாள், பேசவில்லை. டிரம் நிறைந்ததும் போய்விடுவாள். அவன் மருந்து குடிப்பதை நிறுத்தினான். முடிச்சில் இன்னும் எட்டு வில்லை இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பத்தொன்பது குழி கண்முன் வந்தது. மாதக் கடைசியில் மணிக்கட்டு மறுபடி சூடாகத் தொடங்கியது. எஞ்சின் ஏழாவது சுற்றுக்குப் போனது. அவன் மனைவியிடம் சொல்லவில்லை, ஆனால் எஞ்சின் சத்தத்தை எண்ணத் தெரிந்தவள் அவள்.

ஒரு நாள் காலையில் களியோடு கூட ஒரு குவளை கசாயத்தை வைத்தாள்.

"வேண்டாம்," என்றான்.

"இது பழைய முடிச்சுல போட்டது இல்ல. நேத்து கோசே குடுத்தா. புதுசு."

"அவங்க எங்கிட்டப் பேசறதே இல்லையே."

"நானும் அதத்தான் கேட்டேன். கோவம் அவரு மண்டையோட, கையோட இல்லன்னு சொன்னா."

அவன் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். கசப்பு நாக்கின் அடிவரை போனது. அந்தக் கசப்பு ஏனோ அவனுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது.

டிசம்பர் முதல் வாரம், ஒரு மதியம், காற்று சட்டென்று நின்றது. மாடுகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கின. மணலில் முதல் துளிகள் காசு அளவுக்குக் குழி பறித்தன, பிறகு குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பூலா என்றால் அங்கே மழை. பணத்துக்கும் அதே பெயர், வாழ்த்துக்கும் அதே சொல். நமேட்சோ பாத்திரங்களையெல்லாம் வெளியே தூக்கி வைத்துக்கொண்டே பூலா, பூலா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திதீரோ கொட்டகைக்குள் ஒதுங்கவில்லை. கிழக்கே மொகோனோனோ தோப்புக்கு மேலேயும் அதே கறுப்பு இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு நனைந்தான். இருந்தது.

அதன்பின் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. போகப் பயம். மாடுகளைக்கூட வேறு பக்கம் ஓட்டினான். இரண்டாவது மழையும் பெய்து, அதற்கும் ஒரு வாரம் கழித்து, கோசே டிரம் இல்லாத வண்டியோடு வந்து வேலியோரம் நின்றாள்.

"வாங்க தண்ணிக்காரரே," என்றாள். "என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு பார்க்கலாம்."

மணல்வெளி அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. புல் முளைத்து, வெளியெல்லாம் மெல்லிய பச்சைப் புகை படிந்த மாதிரி இருந்தது. முதல் குழி ரெண்டு மரத்துக்கு நடுவே. அவன் மண்டியிட்டுக் கையால் மணலை விலக்கினான். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில், விரல் நகம் அளவுக்குச் சாம்பல் பச்சையில் இரண்டு இலை, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, மணலைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது.

"மேட்டோரத்துக்காரி," என்றாள் கோசே. "அவ சாக மாட்டான்னு எனக்குத் தெரியும். பிடிவாதக்காரி."

நான்காவதில் இருந்தது. ஐந்தாவதில் இல்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் இருந்தது. அவன் ஒவ்வொன்றின் அருகிலும் மண்டியிட்டு, மணலைத் தள்ளி, பார்த்து, எழுந்து, அடுத்ததற்குப் போனான். ஓட்டமும் நடையுமாகப் போனான். கோணல் கழுத்து இருந்த இடத்தில் இலை மட்டுமல்ல, ஒரு சாண் கொடியே ஓடியிருந்தது. கோசே குனிந்து அந்தக் கொடியின் நுனியை விரலால் தொட்டாள். பிளந்த கிழங்கைப் புதைத்த குழியில் ஒன்றுமில்லை, அதில் இருக்கும் என்று அவனும் நினைக்கவில்லை. கடைசிக் குழிக்கு வந்தபோது பதின்மூன்று முளைத்திருந்தது.

"ஆறு போச்சு," என்றான்.

"அஞ்சு. அந்த வேலமரத்தடிக்காரி எப்பவுமே லேட்டு. எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு மாசம் தூங்கிட்டுத்தான் வருவா." அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அஞ்சு வருஷம் இந்தப் பக்கம் யாரும் தோண்டக் கூடாது. நீங்க காவல். மாடு மட்டும் மேயட்டும், கொக்கி குத்துனா குத்தட்டும்."

"சரி கோசே அம்மா."

"தண்ணிக்காரரே."

"என்ன?"

"இப்ப எத்தனை தடவை முட்டி போட்டு எழுந்திரிச்சீங்க?"

அவன் முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை திரும்பிப் பார்த்தான். மணலில் ஜோடி ஜோடியாக அவன் முழங்கால் பதிந்த தடங்கள் வெளியின் குறுக்கே போயிருந்தன. தூணும் இல்லை, பிடிக்க ஒரு கையும் இல்லை. அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. ஜூலை மாதத்தில் இந்த முழங்காலைத் தவிர அவன் வேறெதையும் நினைத்ததில்லை.

தொப்பியைக் கழற்றினான். கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. அவன் வெறுங்கைகளில் ஈர மணல் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"நான் மகிழ்ந்துட்டேன், அம்மா," என்றான்.

கோசே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, கழுதை காதைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"இதச் சொல்றதுக்கா," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு, "பத்தொன்பது குழி தோண்டுனீங்க?"